நகக்கனம்

ஓய்வுக்கு இரண்டு நாள் இருக்கையில்
ஆய்வகப் பதிவேடுகளை எடுத்துவைத்துக் கூட்டினேன்.
நாலாயிரத்துப் பன்னிரண்டு பூச்சுகள்.
சராசரி நூறு நானோமீட்டர்.
வந்த விடையை நம்பாமல்
மறுபடி பெருக்கினேன்.

முப்பத்தோரு வருடம்:
அரை மில்லிமீட்டர்கூட இல்லை.
என் கட்டைவிரல் நகத்தின் கனம்.

காட்பாடியில் முதல் வருடம்
கண்ணாடியில் பொன் நிற்கவே இல்லை.
பசைநாடாவை ஒட்டி, மூச்சடக்கி உரித்தால்
கோபித்துக்கொண்டு பிறந்தகம் கிளம்புகிறவள் மாதிரி
முழுசாக நாடாவோடு வந்துவிடும்.
கைரேகை என்றேன். கார்த்திகை ஈரம் என்றேன்.
ஜங்ஷனில் சரக்கு ரயில் அதிர்வு என்றுகூட
அறிக்கையில் எழுதினேன்.
அடியில் ஐந்து நானோமீட்டர் குரோமியம் போடு
என்றது ஒரு பழைய கட்டுரை.

குரோமியம்.
ராணிப்பேட்டைக்காரிக்கு அது புதுப் பெயரா?
எங்கள் தெருக் கிணற்றில் மஞ்சளாக ஊறியது.
தோல் ஷாப்பில் தொட்டி கலக்கிய அப்பாவின் விரல்களில்
ஆறாத துளைகளாக இருந்தது.
சோறு பிசையும்போது
நாங்கள் பார்க்காதபடி கையை மடக்கிக்கொள்வார்.

அதே உலோகத்தில் நாலு துணுக்கை
இடுக்கியால் எடுத்து டங்ஸ்டன் படகில் வைத்தேன்.
கை நடுங்கியது.
பம்ப்பின் எண்ணெய் அளவைப் பார்ப்பதுபோல்
முனிரத்தினம் குனிந்துகொண்டார்.

நாடா வெறுமையாக வந்தது.
இன்னொரு முறை ஒட்டி உரித்தேன்.
வெறுமை.
பொன் நின்றது. அடியில் இருந்தது
யார் கண்ணிலும் படவில்லை.
அப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து
சம்பளம் வந்துவிட்டது என்று மட்டும் எழுதினேன்.

அப்புறம் வந்ததெல்லாம் வேலை.
கத்திரியில் குளிர்விப்பான் படுத்துவிடும்.
வேலூர்த் தண்ணீரின் உப்பு
செப்புக் குழாய்க்குள் சுண்ணாம்பாக வளரும்.
பாதிப் பூச்சில் மின்சாரம் போய்
ஜெனரேட்டர் உயிர்பெறும் அந்தப் பதினொரு நொடியில்
காற்று உள்ளே வந்துவிடும்.
ஏதோ ஒரு செயற்கைக்கோளில் என் கண்ணாடி ஒன்று இருக்கிறது.
கண் ஆஸ்பத்திரிக் கருவியில் ஒரு லென்ஸ்.
மற்றவை பெரும்பாலும் சோதனையில் உடைந்தன.

நகக்கனம் என்று முனிரத்தினத்திடம் சொன்னபோது
அவர் சிரிக்கவில்லை.
பீரோவுக்கு அடியிலிருந்து
ஒரு ஹார்லிக்ஸ் டின்னை இழுத்தார்.
மூடி துருப்பிடித்திருந்தது.
நான் டின்னைப் பிடிக்க, அவர் திருக வேண்டியிருந்தது.
உள்ளே செதில் செதிலாக,
பொன்னா வெள்ளியா குரோமியமா
பிரிக்க முடியாத அடுக்குகள்.
"கண்ணாடியில ஒட்டாதது எல்லாம்
சொவத்துல ஒட்டிச்சி மேடம்.
வருசா வருசம் சொரண்டி வச்சேன்.
கொட்ட மனசு வரல."

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.
தொடை வலிக்கிற கனம்.
"ஊறுகாயா?" என்றார் கண்டக்டர்.
தலையை ஆட்டிவிட்டு
ராணிப்பேட்டைக்கு ஒரு டிக்கெட் கேட்டேன்.