நூற்று நாற்பத்தைந்து

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள்
பேட்டை ரோட்டில் வண்டி வழுக்கியது.
பெரிதாக ஒன்றுமில்லை.
முன்னால் போன லாரி பிரேக் போட, நானும் போட,
ஆம்னி மட்டும் தன் யோசனையில் கொஞ்சம் போய்
அப்புறம் நின்றது.
பின்னால் ஆறாயிரம் முட்டை
ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தது
எனக்குக் கேட்டது.
நாற்பத்தொன்று உடைசல்.
மஞ்சள் கசிந்து கதவிடுக்கில் இறங்கி
மழைத்தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போயிற்று.
ஒரு முட்டை ஆறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலப்பாளையத்தில் செய்யது மசூது டயர் கடை.
குனிந்து டயரின் பள்ளத்தில் ஒரு காசைச் செருகினார்.
காசு நிற்க இடமில்லாமல் கீழே விழுந்தது.
"எண்ணெய்க் கால வச்சுப் படியேறுத மாதிரில்லா
ஓட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க.
என்ன சைஸுக்கா?"

தெரியவில்லை.
பெரியவன் செருப்பு எட்டு,
சின்னவள் வளையல் இரண்டே கால்,
அவர் சட்டை நாற்பத்திரண்டு,
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
பதினொரு வருஷமாகச் சோறு போடுகிற வண்டியின்
கால் அளவு தெரியவில்லை.

ஓடுகிற டயரில் நூற்று அறுபத்தைந்து என்றிருந்தது.
அது ஞானதிரவியம் போட்டது.
"அகலமா இருந்தாத்தான் வண்டிக்கு ஒரு இது" என்றார் அன்றைக்கு.
அந்த 'இது' என்னவென்று நானும் கேட்கவில்லை.
லோடு ஏற்றி முக்கூடல் வளைவில் முழுக்க ஒடித்தால்
உள்ளே தகரத்தில் உரசும்,
எலி கருவாடு கொறிக்கிற சத்தம்.
போகப் போக
அதுதான் வண்டியின் குரல் என்று நினைத்துவிட்டேன்.

கதவோரம் கம்பெனி ஒட்டிய தாள் இருக்குமாம்.
மசூது நகத்தால் சுரண்டினார்.
நீலம் வந்தது. அதற்கடியில்
எந்தப் பள்ளிக்கூடத்துக்கோ ஓடிய காலத்து மஞ்சள்.
அதற்கும் அடியில் வெள்ளை.
எழுத்து வரவில்லை.

"ஸ்டெப்னி கெடக்கா?"

கிடந்தது. சாக்குக்குக் கீழே,
முட்டை ஓடும் தவிடும் அப்பி,
கம்பெனியிலிருந்து வந்த நாளாக
ஒரு தடவையும் ரோட்டைப் பார்க்காமல்.
ஈரத் துணியால் துடைத்தார்:
145 ஆர் 12, எட்டு பிளை.
"ஓட்ட லாயக்கில்ல. படிக்க லாயக்கு."

போனில் ஞானதிரவியம்:
"மழைக்கு அகலம் வேணும்டீ. ஒல்லிய மாட்டுனா வழுக்கும்."
மசூது போனை வாங்கினார்.
"அண்ணாச்சி, தட்ட தண்ணில போட்டா மிதக்கும்.
கத்தியப் போட்டா?"
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்.
பிறகு, விலை என்ன என்றார்.

விலை குறைவாக ஒரு ஜோடி இருந்தது. பளபளப்பு.
ஓரத்தில் நாலு எண்ணைத் தொட்டுக் காட்டச் சொன்னேன்.
எத்தனையாவது வாரம், எந்த வருஷம் பிறந்தது என்பது அதில்.
ஆறு வயது.
கடையிலேயே குந்தியிருந்து மூத்த ரப்பர்.
நகத்தை அழுத்தினேன், இறங்கவில்லை.
முட்டைக்காரியிடம்
பழைய சரக்கைத் தள்ள முடியாது.
மசூது சிரித்தபடி உள்ளே போய்
இந்தச் சித்திரையில் பிறந்ததை உருட்டி வந்தார்.
நாலும் மாற்றினேன். சங்கச் சீட்டுப் பணம் போயிற்று.

சேரன்மகாதேவிக்கு முன்னால் வானம் கொட்டியது.
வண்டி மெலிந்த காலால்
தண்ணீரைக் கிழித்துத் தாரைத் தேடித் தேடி மிதித்தது.
வளைவில் முழுக்க ஒடித்தேன்.
சத்தமில்லை.
ஒரு கணம் பயந்துவிட்டேன்,
என்னமோ கழன்று விழுந்ததோ என்று.

கல்லிடைக்குறிச்சியில் இறக்கும்போது
மூன்று உடைசல்.
அதில் ஒன்று நான் கை தவறியது.

பழைய நாலையும் வீட்டுக்குக் கொண்டு வரச் சொல்லிவிட்டார் ஞானதிரவியம்.
கொல்லையில் அடுக்கியிருக்கிறார்.
மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடுகிறது.
தினமும் கவிழ்த்துக் கொட்டுகிறேன்.
எறிய விடமாட்டேன் என்கிறார்.
அகலமாகத்தான் இருக்கின்றன.

ஸ்டெப்னியை மட்டும் எண் தெரிகிற பக்கம் மேலே வைத்து
சாக்கை எடுத்துவிட்டேன்.