உங்கள் ஆறு மணியா

கோஷிட்சேயில் டிராம் பணிமனைக்கு மேல் ஓர் அறை.
ஹீட்டர் பாதிதான் வேலை செய்தது;
கோட்டைக் கழற்றாமல் பதினோரு பேர்.
வழக்கு ஒரு பழைய டிரைவர்மேல்:
நாலாயிரத்துச் சொச்சம் வரி,
இருபது வருடமாக யாரும் கைவைக்காதது.

"செத்த பாம்பு," என்றான் ரதோவான்,
"ஆனாலும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும்
ஒரு வாரம் தின்கிறது."
ஓல்கா மறுத்தாள். ஸ்விமோன் அவளை மறுத்தான்.
எதை மறுத்தோம் என்பதே மறந்து
பேச்சு,
வரித்தொடக்கத்தில் இடைவெளி நான்கா எட்டா
என்ற ஆதிச் சண்டைக்குப் போயிற்று.

அதை எழுதிய ஹெத்விகா
மூலையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.
"நீக்கிவிடுங்கள்," என்றாள். அவ்வளவுதான்.

கைகள் உயர்ந்தன.
எண்ணி முடிக்குமுன் ஸ்பீக்கரில் காற்று இரைந்தது;
சிலியின் தென்கோடியிலிருந்து அனிசேத்தோ,
துறைமுகத்தில் அலைமட்டம் அளப்பவர்:
"எங்கள் கருவி அதில்தான் ஓடுகிறது.
எனக்கு நிரல் எழுதத் தெரியாது.
ஓடுகிறதா இல்லையா என்று
தினமும் காலை ஆறுக்குச் சொல்ல முடியும்."

யாரும் பேசவில்லை.
உயர்ந்த கை ஒன்று
இறங்க மறந்து அப்படியே நின்றது.

ஹெத்விகா சுளையைக் காகிதத்தில் வைத்தாள்.
விரலைக் கோட்டில் துடைத்தாள்.
"ஆறு என்றால்
உங்கள் ஆறா, எங்கள் ஆறா?"