மைனஸ் பதினெட்டு

பத்து மாவுங் துறைமுகத்துக்குப் பின்னால்
மீன் குளிர்கிடங்கில் எனக்கு இரவு வேலை.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன்.
சூரை மீன்கள் விறகுபோல் அடுக்கிக் கிடக்கும்.
வெளியே முப்பத்திரண்டு, உள்ளே மைனஸ் பதினெட்டு.
நடுவில் ஒரு ரப்பர் திரை.

லோகநாயகி வந்து கேட்டாள்:
"ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம்
இந்த ரூமை வாடகைக்குத் தருவீங்களா?"
மலைக்கு ஆள் கூட்டிப்போகிறவள்.
பிப்ரவரியில் நான்கு பேரை
ஜப்பானின் வடதீவில், சாலை முடிந்தபின்
ஒருநாள் நடந்தால் வரும் மேட்டுநிலத்துக்கு.
நான்கு பேரும் ஐஸை
ஐஸ் கச்சாங்கில் மட்டும் பார்த்தவர்கள்.

தவுக்கே சிரித்தார்.
"மீனைத் தொடக்கூடாது" என்றார்.
அவ்வளவுதான் ஒப்பந்தம்.

அதற்கு முன் மூன்று மாதம்
கொடிமலையில் ஏற்றினாளாம்,
நிலா வாசலிலிருந்து, விடியுமுன்,
முதுகில் பன்னிரண்டு கிலோ அரிசியோடு.
வியர்த்தால் திட்டு.
"மெதுவா. நனைஞ்ச சட்டை அங்கே உங்களைத் தின்னும்."
பினாங்கில் வியர்க்காமல் மலையேறுவது எப்படி என்று
பல் டாக்டர் ரொஸ்னானி கேட்டதற்கு
இன்னும் பதில் வரவில்லை.

அடுக்குமாடிக்குப் பின்னால் புல்சரிவில்
பிளாஸ்டிக் விரிப்பு, மேலே சோப்புத் தண்ணீர்.
தலைகீழாக வழுக்கி வரவேண்டும்;
புரண்டு, குப்புறப் படுத்து,
பனிக்கோடரியை நெஞ்சின் பாரத்தால் அழுத்தி
பாதத்தைத் தூக்கிக்கொள்ளவேண்டும்.
காலை ஊன்றினால் இரும்புப்பல் மாட்டும்,
கணுக்கால் போச்சு.
ஹெங் சூன் நாற்பது தடவை விழுந்தான்.
விரிப்பு கந்தலானது.
ஏழாம் மாடியில் துணி காயப்போட்ட ஒருவர்
காவலாளியைக் கூப்பிட்டார்.

ஞாயிறு. திரையை விலக்கினேன்.
மூச்சு வெளியே வந்து நின்றது.
வங்கியில் ஓய்வுபெற்ற சகாயராஜ்
அதைப் பார்க்க மறுபடி மறுபடி ஊதினார்.

விளக்கை அணைக்கச் சொன்னாள்.
கூடார முடிச்சு, திசைகாட்டி, வரைபட மடிப்பு,
எல்லாம் கையுறையோடு.
"வெள்ளைக்குள்ளே கண்ணு உதவாது.
திசையைப் பிடிச்சுக்கிட்டு அடியை எண்ணுங்க."
ஒன்பதாம் நிமிடம் ரொஸ்னானி
பல்லால் கடித்துக் கையுறையைக் கழற்ற,
அது மீன் அடுக்குக்கு அடியில் விழுந்தது.
லோகநாயகி எடுக்க விடவில்லை.
"காத்து கொண்டுபோயிடுச்சு. இப்ப?"

ஒருவரும் பேசவில்லை.
நான் என் கழுத்தைக் காட்டினேன்:
இரண்டு கையுறையையும் நைலான் கயிற்றில் கோத்து
சட்டைக்குள் ஓட்டியிருப்பேன்,
இங்கே எல்லோரும் அப்படித்தான்.
சற்று நேரம் பார்த்தாள்.
"அதேதான்."
வாடகையில் பத்து வெள்ளி கூடக் கொடுத்தாள்.

முன்பனி பின்பனி என்று
தமிழ்ப்பள்ளியில் ஒப்பித்தவன் நான்.
இங்கே இருப்பது மழைக்கு முன், மழைக்குப் பின்.
புல்லை நனைப்பதும் பனி,
கண்ணில் துளிர்ப்பதும் பனி,
ஆளை மூடுவதும் பனி.
மூன்றாவது எனக்குத் தெரியும் என்றிருந்தேன்.
தெரிந்தது குளிர் மட்டும்:
காற்றில்லாத, கதவுள்ள,
கையெழுத்துப் போட்டு நுழையும் குளிர்.

பிப்ரவரி பதினேழு, இரவு இரண்டு மணிக்குச் செய்தி.
படம் முழுக்க வெள்ளை,
மூலையில் சிவப்புக் கயிறு கொஞ்சம்.
"உச்சிக்கு நாற்பது நிமிஷம் இருந்துச்சு.
ஒரு மணிதான் எல்லைன்னு பேச்சு. மணி ஒன்று.
திரும்பிட்டோம்.
சகாயராஜ் அழுதார், இமை ஒட்டிக்கிச்சு.
பத்துக் கையுறையும் பத்திரம்."

நாற்பது நிமிஷம்.
எனக்கு அது அரை கண்டெய்னர்.

ஷிப்ட் முடிந்து திரையைத் தாண்டினேன்.
மூக்குக்கண்ணாடி சட்டென்று ஆவியில் வெளுத்தது,
தினமும் வெளுப்பதுதான்.
துடைக்கக் கை போனது, நிறுத்தினேன்.
பைக் நிற்கும் தூண்
நேரே பத்தடி என்று ஞாபகம்.
எண்ணி நடந்தேன்.
பத்தில் ஒன்றுமில்லை.
பதினொன்றில் முழங்காலில் இடித்தது.