மூன்றாம் பொத்தான்

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
எலும்பு பார்க்கும் விளக்குப் பெட்டி
ராத்திரி இரண்டு மணிக்குமேல் எனக்குச் சும்மா கிடைக்கும்.
இன்று அதன்மேல் மூன்று தபால் அட்டைகள்.
மூன்றிலும் ஆளுக்கொரு சிப்பாய்.

ஜங்ஷன் பழைய பேப்பர்க் கடை சொரிமுத்து
மூன்றுக்கும் சேர்த்து ஆயிரத்து இருநூறு வாங்கினான்.
கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்குள் கிடந்ததாம்.
யார் வீட்டுக் கட்டு?
"எடைக்கு வந்தது மேடம், கேக்கல."

முதலில் பின்பக்கம்.
தபால்தலைக் கட்டத்தைச் சுற்றிய பொடி எழுத்து
தாளின் வயதைச் சொல்லும்.
பிறகு தோள்பித்தளை, தலைப்பாகைக் கட்டு,
கால்பட்டி எந்தப் பக்கம் சுற்றி எங்கே முடிகிறது,
பின்திரையில் எந்த ஊரை வரைந்திருக்கிறார்கள்.
திரையில் ஈச்சமரம்.
பஸ்ரா என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

தோளில் அறுபத்துமூன்று.
பாளையங்கோட்டையின் பெயரைச் சுமந்து கடல் தாண்டிய பட்டாளம்.
நான் தினமும் பஸ் இறங்கும் ஊர்.
கை நடுங்கியது, பொய் சொல்வானேன்.
இரண்டாம் அட்டை: அறுபத்துமூன்று.
மூன்றாவது: அறுபத்துமூன்று.
மூவருக்கும் மேலிருந்து மூன்றாம் பொத்தான் இல்லை,
அந்த இடத்தில் கறுப்பு நூல், அதே முடிச்சு.

ஒரே கோட்டு.
ஒருவனுக்கு அக்குளில் பிடிக்கிறது.
ஒருவனுக்கு விரல்வரை தொங்குகிறது.
ஸ்டூடியோக்காரன் ஆணியிலிருந்து எடுத்து மாட்டி
ஆளை மட்டும் மாற்றியிருக்கிறான்.
இவ்வளவு நேரம் நான் அடையாளம் கண்டது
ஒரு துணியை.

எங்கள் படங்களில் ஓரத்தில் ஈய எழுத்து வைப்போம்,
இது இடது, இது வலது என்று.
ஒருமுறை மறந்து மெமோ வாங்கினேன்.
அட்டைகளில் அப்படி எதுவும் இல்லை.

மூன்றாம் அட்டையின் தபால்தலையை யாரோ
தண்ணீரில் ஊறவைத்து உரித்திருக்கிறார்கள்.
மை கரைந்து "வேலி ஜில்லா" மட்டும் மிச்சம்.
ஏழாம் வகுப்பில் பிளாஸ்டிக் போணியில்
நானும் உரித்திருக்கிறேன்.
தலை வேண்டும், அட்டை குப்பைக்கு.
வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால்
பென்சில் அழுத்திய பள்ளம் தெரிகிறது:
"இது நான்தான்."

மூன்றே காலுக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது.
ஏசுவடியான், வயது முப்பத்திரண்டு, ஊர் குட்டம்.
பனையிலிருந்து விழுந்து குதிங்கால் நொறுங்கல்.
பாதத்தைத் திருப்பி வைக்கும்போது பார்த்தேன்,
உள்ளோரத்தில் தளைநார் தேய்த்த காய்ப்பு,
தேய்ந்த செருப்புத் தோல்போல.
எங்கேயோ பார்த்த காய்ப்பு.
எங்கேயோ இல்லை, கைக்கெட்டும் தூரத்தில்.
கோட்டு கொடுத்த ஸ்டூடியோ பூட்ஸ் கொடுக்கவில்லை.

அட்டையை நீட்டினேன்.
பல்லைக் கடித்துக்கொண்டே பார்த்தார்.
"ஏறுன காலுதான்.
மரத்த விட்டு எறங்கி ஒரு வருசம் இருக்கும்.
அதுக்கு மேலன்னா இந்தக் காய்ப்பு உரிஞ்சு போவும்.
பின்னால என்ன மரம், பாளையே இல்லாம?"
"ஈச்சமரம். வரைஞ்சது."
"அதான பாத்தேன்."
கொஞ்ச நேரம் விட்டு,
"திரும்பி வந்து ஏறுனானா?"

பட்டாளம், வருடம், ஊர், விலை.
என் நோட்டில் இதற்குக் கட்டம் இல்லை.
அவர் காலுக்கு ஈயம் வைத்து
அசையாதீங்க என்றேன்.

காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து
பட்டாளம் என்ற கட்டத்தை அழித்தேன்.
"பனையேறி. காய்ப்பு, வலது பாதம்."
வலது என்று துணிந்து எழுத முடிந்தது
அந்த அறுபத்துமூன்றால்தான்:
எண் நேராகப் படிக்கிறது,
படம் இடவலம் மாறி அச்சாகவில்லை.

மற்ற இருவரையும்
முழங்காலோடு வெட்டி எடுத்திருக்கிறது கேமரா.