அடிப்படை விஞ்ஞானம், சனிக்கிழமை

படிவத்தில் ஒரு கேள்வி:
கல்வி இடைநின்றதற்கான காரணம்.
எதிரே புள்ளிக்கோடு, நாலு விரல் நீளம்.
நவரூபன் 'மழை' என்று எழுதினான்.
பரந்தன் சந்தியில் ஓட்டோ ஓடுகிறவன்,
நாற்பதுக்குக் கிட்ட.
லெச்சுமி அக்கா ஒரு கோடு இழுத்தா.
நான் 'தேவையில்லை' என்று எழுதி, வெட்டி,
'சுகயீனம்' என்று எழுதினேன்.
கந்தோர்ப் பிள்ளை மூன்றையும் வாசித்தது,
முத்திரை குத்தியது.

எட்டு மாதம். சனி தோறும் எட்டரை தொடக்கம் இரண்டு மணி.
முடித்தால் ஆய்வுகூட உதவியாளர் டிப்ளோமாவுக்கு
விண்ணப்பிக்கலாம்.
கிடைக்கும் என்று எவரும் சொல்லவில்லை.

முதல் மாதம் முழுக்கப் பின்னம்.
மகன் ஒன்பதாம் ஆண்டு. வெள்ளி இரவு
அவனுடைய கொம்பாஸ் பெட்டியை இரவல் கேட்பேன்.
'உடைச்சால் வாங்கித் தரோணும்' என்பான்,
நான் அவனுக்குச் சொல்கிற அதே குரலில்.

சுவரில் தொங்கிய ஆவர்த்தன அட்டவணையில்
மூன்று மூலகங்களைக் கறையான் தின்றிருந்தது.
எவை என்று கண்டுபிடிப்பது வீட்டுவேலை.
லெச்சுமி அக்கா வீட்டுக்குப் போகவேயில்லை,
எழும்பிப் போய் ஓட்டைக்குள் விரலை வைத்தா:
'இது குளோரின்.
கெமிக்கல் பக்டரியில மூட்டை தூக்கினவரு எங்கப்பா.
சட்டையெல்லாம் இதுதான் நாறும்.'

நான் திங்கள் முதல் வெள்ளி வரை
முகமாலையில் முழங்காலில் நிற்கிறேன்.
கையில் கருவி. காதில் அதன் குரல்.
பதினொரு வருடப் பழக்கம்.
ஆணிக்குக் கீச்சிடும். தகரத்துக்கு அகன்று ஊளையிடும்.
மீன்ரின் மூடி பொய் சொல்லும்.
மற்றது
மெலிந்து, ஒரே இடத்தில்,
கூப்பிட விருப்பமில்லாததுபோலக் கூப்பிடும்.
பயிற்சியில் சொன்னது: சத்தம் வந்தால் நில்.
ஏன் வருகிறது என்று அவர்களும் சொல்லவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.
சம்பளம் இருபத்தைந்தாம் திகதி.

ஆவணியில் ஒரு சனி,
அபிவர்ணா மிஸ்
(இருபத்தாறு வயது; நாங்கள் எழும்பி வணக்கம் சொன்னால்
'ஐயோ, இருங்கோ' என்று வெட்கப்படுவா)
செப்புக் கம்பிச் சுருளுக்குள்
சட்டக் காந்தத்தை நுழைத்தா.
கல்வனோமானியின் முள் துள்ளியது.
காந்தத்தை உள்ளேயே பிடித்துக்கொண்டு நின்றா.
முள் பூச்சியத்தில் போய்ப் படுத்துவிட்டது.
வெளியே இழுத்தா. மறுபக்கம் துள்ளியது.

'மிஸ், மண்ணுக்குக் கீழ கிடக்கிற இரும்புக்கு
கரண்ட் இல்லையே.
அது எப்படிச் சத்தம் போடும்?'

என் வாய்தான் கேட்டது.
'எந்த இரும்பு?' என்று கேட்டவ
கேட்டு முடிக்க முதலே விளங்கிக்கொண்டா.
நவரூபன் பேனையை மூடினான், திறந்தான்.

வெண்கட்டி எடுத்தா.
மேலே ஒரு சுருள். நடுவில் மண் என்று ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே சின்னதாய் ஒரு துண்டு,
துண்டுக்குள் வட்டம் வட்டமாய் அம்புக்குறிகள்.
சுழிப்போட்டம்.
'அது தானாக ஒண்டும் சொல்லாது.
உங்கட கருவிதான் அதுக்குள்ள ஓட்டத்தை எழுப்புது.
அந்த ஓட்டம் திரும்பி வந்து
உங்கட சுருளில முட்டுது.'

நான் கொப்பியில் எழுதாமல்
இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அப்ப, இவ்வளவு காலமும்
முதலில் பேசியது நான்.

'எவ்வளவு ஆழம் வரைக்கும் கேக்கும்?'
மிஸ் என்னைத்தான் கேட்டா.
'பதின்மூண்டு சென்ரிமீற்றர் பார்ப்பம்.
ஈர மண்ணெண்டால் குழப்பம்.'
சமன்பாட்டுக்குப் பக்கத்தில்
பதின்மூன்று என்று எழுதி,
'ஈர மண்' என்று எழுதி,
அதற்கு ஒரு கேள்விக்குறியும் போட்டா.
'அது எனக்குத் தெரியாது, பாத்துச் சொல்றன்.'

திங்கள். காற்று. உலர்ந்த மண்.
பத்தரைக்குச் சத்தம் வந்தது. நின்றேன்.
மெல்ல, மெல்ல, ஓரத்திலிருந்து மண்ணை விலக்கினேன்.
மீன்ரின் மூடி.

'என்னடி சிரிக்கிறாய்?'
அடுத்த ஒழுங்கையிலிருந்து கோமளா.
இருபத்தைந்து மீற்றர் இடைவெளி; அதுதான் விதி.
அவ்வளவு தூரத்துக்குக் கத்திச் சொல்லக்கூடிய சொல் அல்ல
சுழிப்போட்டம்.

கத்தினேன்.