பத்தாவது குத்து

கத்தி வைக்க நாலு நாள் இருக்கும்போது
வார்டுக்குள் ஃபஸீலா என்று ஒரு பெண் வந்தாள்.
கோட்டுப் பையில் பேனா போல ஒரு ஊசி.
"உள்ளே இறங்காதுண்ணே, தொட்டு எடுத்துருவேன்.
சைபர்லேருந்து நூறு வரைக்கும்
வலிக்கு ஒரு நம்பர் சொல்லுங்க."

முப்பத்தொரு வருஷம் நம்பர் சொல்லிப் பிழைத்தவன் நான்.
பாரிமுனையில் ஏறி திருவான்மியூரில் இறங்க
எத்தனை ஸ்டேஜ் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.
இதற்குச் சில்லறை இல்லாமல் முழித்தேன்.

முட்டிக்குப் பக்கத்தில் ஒரு குத்து.
பதினைந்து, என்றேன்.
அப்புறம் பத்து குத்து, விநாடிக்கு ஒன்று,
அதே ஊசி, அதே எடை, அதே இடம்.
மூன்றாவதில் பல்லைக் கடித்தேன்.
ஏழாவதில் கட்டில் கம்பியைப் பிடித்தேன்,
சடன் பிரேக்கில் பிடிப்பதுபோல.
பத்தாவதுக்கு
அறுபது.

"ஊசிய மாத்திட்டியாம்மா?"
காட்டினாள்.
ஊசி மாறவில்லை.

அடுத்த கட்டில் பெனடிக்ட்,
ராயபுரம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
அவர் எக்ஸ்ரே என்னுடையதைவிட மோசம்,
எலும்போடு எலும்பு ஒட்டிக் கிடந்தது.
முதல் குத்துக்குப் பத்து, பத்தாவதுக்குப் பதினெட்டு
என்று சொல்லிவிட்டு
டீக்காரன் வந்துவிட்டானா என்று எட்டிப் பார்த்தார்.

எனக்கு ஒரு வாளி ஐஸ் தண்ணீர் மிச்சமிருந்தது.
கையை அதில் முக்கச் சொல்லி
முட்டியை ஒரு கருவியால் அழுத்தினாள்.
ஒரு வலி வந்தால் மற்ற வலி கொஞ்சம் அடங்க வேண்டுமாம்,
நிறையப் பேருக்கு அப்படித்தானாம்.
எனக்கு இரண்டும் ஃபுட்போர்டில் தொங்கின.
ஒன்றுக்காக ஒன்று
உள்ளே நகரவில்லை.

"என்னம்மா, ஃபெயிலா?"
"இதுல பாஸ் ஃபெயில் கிடையாதுண்ணே.
சில பேருக்கு உள்ள சத்தம் கூடுதலா கேக்கும்.
அவங்களுக்கு ஆபரேஷனுக்கப்புறம் தேற நாளாகலாம்.
ஆகலாம்தான். ஆகும்னு இல்ல."
அந்த 'லாம்'மை
கூட்ட நேரத்தில் கிழிந்த நோட்டை வாங்குவதுபோல
வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரே டாக்டர், ஒரே உலோகம், ஒரே செவ்வாய்க்கிழமை.

ஆறாவது வாரம் பெனடிக்ட் ஃபோன் செய்தார்,
பார்க் ஸ்டேஷன் மேம்பாலத்தின் மேல்படியில் நின்றுகொண்டு.
பின்னால் ரயில் சத்தம்.
சூளைமேட்டில் எனக்கு
கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் பதினேழு அடி.
நடுவில் இரண்டு ஸ்டாப்பிங்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
ஜோரா உட்கார்ந்திருக்கு என்றார்.
மகன் என்னைப் பார்த்தான்.
"அப்புறம் என்னப்பா" என்று அவன் கேட்கவில்லை.
கேட்காத வாய் கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது.
பொற்கொடி மட்டும் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக்கொண்டே
"படத்துல தெரியறதா இருந்தா
இவர் ஏன் ராத்திரி ரெண்டு மணிக்கு உக்காந்திருக்காரு?" என்றாள்.

ஒரு விசிலுக்கு வண்டி நிற்கும்,
இரண்டுக்குக் கிளம்பும்.
பழைய முட்டியை வெட்டியெடுத்து
எந்தக் குப்பைக்கோ அனுப்பிவிட்டார்கள்.
அதற்காக ஒன்பது வருஷம் ஒற்றை விசில் ஊதியவன்
உள்ளேயே இருக்கிறான்.
அந்த ஸ்டாப்பிங்கை எடுத்தாயிற்று என்று
யாரும் அவனிடம் சொல்லவில்லை.

பிறகு ஒரு சின்ன மாத்திரை,
முட்டிக்கில்லை, நரம்புக்கு.
வாசல்படியில் காலை ஏற்றி இறக்கி
தினமும் இருபது.
சில நாள் எட்டு.
ஒரு மழை வாரம் முழுக்க ஒன்றுமில்லை.

ஆறாம் மாதம் ஃபஸீலா கூப்பிட்டாள்.
அதே ஊசி.
பத்தாவது குத்துக்கு
நாற்பது, என்றேன்.
எழுதப் போன பென்சிலை நிறுத்தினாள்.
"நெஜமாவா? எனக்காகச் சொல்றீங்களா?"

கண்ணை மூடி
காலைக் கேட்டேன்.

"நாப்பத்தேழு" என்று
பாக்கி ஏழையும் கொடுத்தேன்.