முந்நூற்று நாற்பத்தேழு

பாடுகிறவள் கறாராகச் சொல்லிவிட்டாள்:
அரங்குக்குள் ஒரு கைப்பேசியும் வரக்கூடாது.
ஆகவே இன்றிரவு
கோட்டுகளோடு சேர்த்து
அவற்றையும் வாங்கி வைத்தேன்.
ரீகாவில், ஆற்றோரம்,
ஒரு காலத்தில் மத்தி மீனை டப்பாவில் அடைத்த கட்டடம் இது.
சுவரை முகர்ந்தால் இன்னும் கொஞ்சம் எண்ணெய் வரும்.
பிப்ரவரி. எல்லார் தோளிலும் பனி.

பித்தளை வில்லை கொடுத்தேன். எண் சொன்னேன்.
முதல் நாள் பிள்ளையைப் பள்ளியில் விட்டவர்கள் மாதிரி
திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.
சிவப்புத் தாடிக்காரன் ஒருவன் சண்டைக்கு வந்தான்:
"காசு கொடுத்தது நான்.
என் கண், என் கை, உனக்கென்ன?"
உள்ளுக்குள் நானும் அவன் கட்சிதான்.
மணிக்கு ஐந்தரை யூரோவில்
கருத்து சேர்த்தி இல்லை.

கதவு மூடியது.
எனக்குப் பாட்டு எப்போதும் சுவர் வழியாகத்தான்.
சொல் வராது, அதிர்வு மட்டும் வரும்,
பக்கத்து வீட்டுச் சண்டைபோல.
மூன்று வருடக் கச்சேரிகளையும்
உள்ளங்காலால் கேட்டிருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் அலமாரி விழித்துக்கொண்டது.
ஒன்று மினுங்கியது. பிறகு மூன்று. பிறகு ஒரு வரிசை.
அறுநூறு கைப்பேசிகள்
இருட்டில் என்மேல் வெளிச்சம் பிடித்தன,
நான் ஏதோ பாடப்போகிறேன் என்பதுபோல.
"போய்ச் சேர்ந்தாயா?"
"பூனைக்குச் சாப்பாடு வைத்தாயா?"
"மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே."
படிக்கக்கூடாதுதான்.
கண்ணுக்கு யார் பூட்டுப் போடுவது?

முந்நூற்று நாற்பத்தேழு மட்டும் ஓயவில்லை.
அதிர்ந்து அதிர்ந்து
மரத்தட்டின் விளிம்புக்கே நகர்ந்து வந்துவிட்டது.
திரையில் "மம்மா". பதினொரு தடவை.
பதினொரு தடவை கூப்பிடும் அம்மாவிடம்
நல்ல சேதி இருக்காது.
எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

உள்ளே இருட்டு.
அறுநூறு பேருக்கும்
கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.
ஒருத்தி தன் காதுமடலையே பிடித்துக்கொண்டிருந்தாள்.
சிவப்புத் தாடி
பல் மருத்துவர் முன் உட்கார்ந்தவன்போல்
வாய் பிளந்து நின்றான்.
மேடையில் இல்வியா, ஏறக்குறைய என் வயது,
செருப்பைக் கழற்றிவிட்டு
ஒரு வரியைத் தப்பாகப் பாடினாள்.
நிறுத்தினாள். சிரித்தாள்.
மறுபடி அதே இடத்தில் தப்பினாள்.
மூன்றாம் முறை
அந்தத் தப்பிலேயே கால் வைத்து
மேலே ஏறிப் போய்விட்டாள்.

யாரும் படம் பிடிக்கவில்லை.
அதனால்தான் அவளால் முடிந்தது என்று தோன்றியது.
பிடித்திருந்தால்
நாளை துணி துவைக்கும்போது
இன்னொரு முறை கேட்கலாமே என்றும் தோன்றியது.
இரண்டும் ஒரே மூச்சில்.

கைக்குள் மம்மா அதிர்ந்துகொண்டே இருந்தாள்.
இந்த இருட்டில் அவள் பிள்ளையை எங்கே தேட?
நானே எடுத்தேன்.
"உங்கள் மகன் இல்லை. நான் கோட்டு வாங்கி வைப்பவள்."
அந்தப் பக்கம் கொஞ்சம் மூச்சு.
"ஒன்றுமில்லை. டிக்கெட் நான் வாங்கிக் கொடுத்தது.
இடுப்பு எலும்பு உடைந்து படுத்துக் கிடக்கிறேன்.
ஒரே ஒரு பாட்டு, தூக்கிப் பிடிப்பான் என்று பார்த்தேன்."

தூக்கிப் பிடித்தேன்.

அரங்கத்திலேயே ஒரே வெளிச்சம் என் கையில்.
தலைகள் திரும்பின.
"கீழே இறக்கு! வெட்கமில்லை?" என்று
பல்லைக் கடித்தவன் சிவப்புத் தாடியேதான்.
இல்வியா பார்த்தாள்.
பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன்.
பாட்டு நிற்கவில்லை.
கை கடுத்தது. மாற்றிக்கொண்டேன்.

மேலாளர் நாளைக்கு வந்து பேசச் சொல்லியிருக்கிறார்.

வெளியே, பனியில்,
ஒருவருக்கொருவர் அந்த வரியைப் பாடிக் காட்டினார்கள்.
ஆளுக்கொரு தப்பாக.

கடைசியாக ஒரு நெட்டையன் வில்லையை நீட்டினான்.
கைப்பேசியைப் பார்த்தான். புருவம் சுருக்கினான்.
"நான்கு நிமிடம் பேசியிருக்கிறதே,
யார்?"
கோட்டை எடுத்துக் கொடுத்தேன்.
"ஒரு கையுறை குறைகிறது, பாருங்கள்" என்றேன்.